ஏசம்மாள் என்ற தோணி

மாட்டை ஜப்தி செய்வதைவிடக் கப்பலை ஜப்தி செய்வது சுலபம். மாடு தீனி கேட்கும், கயிற்றை இழுக்கும், கன்றை நினைத்துக் கத்தும். கப்பல் சும்மா கிடக்கும். பாய்மரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால் போதும். காற்றுக்கும் அலைக்கும் பயப்படாதது என்று ஊரெல்லாம் பெருமை பேசிய ஒன்று, ஒரு கரண்டிப் பசைக்குக் கட்டுப்பட்டு நிற்கும்.

நான் வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக, ஐயா. தூத்துக்குடியில் நடந்த இரண்டு சாவுகளைப் பற்றிச் சர்க்கார் எழுதிய அறிக்கையில் ஒரு வாக்கியம் தவறாக இருக்கிறது. அதைத் தூத்துக்குடிக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும், ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்லக் கூடாது என்று வெளியே உங்கள் குமாஸ்தா சொன்னார். எந்த மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லலாம் என்று அவருக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. என் கணவர் போலீசில் ஏட்டாக இருந்து காய்ச்சலில் போனவர். இந்த மாதிரி அறைகளின் வாசனை எனக்குப் புதிதில்லை.

மேஜைமேல் வைத்திருக்கும் அரிக்கேன் விளக்கு எங்கள் வீட்டுடையதுதான். நான்தான் கொண்டுவந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இராஜபாளையத்தில் எங்கள் தகப்பனாருக்கு, அய்யா என்றுதான் கூப்பிடுவோம், பருத்தி அரைக்கும் ஆலை இருந்தது. பெரிய மில் என்று நினைத்துவிட வேண்டாம். பருத்தியிலிருந்து பஞ்சைத் தனியாகவும் கொட்டையைத் தனியாகவும் பிரிக்கிற ஒரு தகரக் கொட்டகை. பஞ்சு வெள்ளையாக இருப்பதால் எல்லோருக்கும் அதன்மேல் மரியாதை. கொட்டை மாட்டுக்குப் போகிற சாமான், அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் பஞ்சுதான் செத்த பொருள். கொட்டைக்கு உயிர் உண்டு. நனைந்தால் அது சூடாகும். குவியலுக்குள் கையை விட்டால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போல இருக்கும். மூடிய இடத்தில் நனைந்து கிடந்தால் அங்கே இருக்கிற காற்றை அது தின்றுவிடும். எங்கள் ஆலையில் வேலை செய்யும் குருவம்மாளின் தகப்பன் அப்படித்தான் ஒரு மழைக்காலத்தில் கொட்டைக் கிடங்குக்குள் இறங்கினான். தூங்குகிறவன் போலக் கிடந்தானாம்.

அதற்குப் பிறகு அய்யா ஒரு வழக்கம் வைத்தார். பூமிக்குள் வெட்டிய அந்தக் கிடங்கில் யார் இறங்குவதானாலும் முதலில் விளக்கு இறங்க வேண்டும். விளக்கு எரிந்தால் ஆள் போகலாம், அணைந்தால் கூடாது. அந்த வேலையை அய்யா என்னிடம் கொடுத்தார். கிடங்கின் வாயில் குப்புறப் படுத்து, கயிற்றில் கட்டிய அரிக்கேனை இறக்கிக்கொண்டே இருப்பேன். பின்னால் நிற்பவர்கள் எரியுதா என்று கேட்பார்கள். எரியுது என்று நான் சொன்ன பிறகுதான் ஏணியில் கால் வைப்பார்கள். அந்தக் கிடங்கில் நான் சொல்லி இறங்கிய ஒருவருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை. இதை எழுதிக்கொண்டால் நல்லது.

என் அண்ணன் எலியேசருக்குத் தூசி ஆகாது. ஆலைக்கு வந்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பான். அவனைப் பாளையங்கோட்டையில் விடுதியில் போட்டுப் படிக்க வைத்தார்கள். அங்கே அவன் கற்றுக்கொண்டது பூட்ஸ் போடுவதும், மற்றவர் பேசும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதும்தான். கொட்டையைக் காய வைக்க எத்தனை வெயில் வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. நான் சொன்னால் சிரிப்பான். என் பேச்சை அவன் ஒருநாளும் மதித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அய்யா இறந்தபோது எங்களைப் போன்ற கிறிஸ்தவச் சபைக்காரர்களுக்குச் சட்டம் வேறு என்பது தெரியவந்தது. பக்கத்துத் தெரு ராஜுக்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லாதது எங்களுக்கு உண்டு. அண்ணனுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. போதகர் முன்னால் அண்ணன் பெருந்தன்மையோடு தலையாட்டினான். என் பங்கை உடனே பிரித்தால் ஆலை தாங்காது, கடனாக எழுதித் தருகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கிறேன் என்றான். எழுதியும் தந்தான். அந்தப் பணத்தில் தூத்துக்குடியில் ஒரு தோணி வாங்கினான். கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் பாய்மரத் தோணி. ஒரு நாள் என்னைப் படகில் கூட்டிப்போய்க் காட்டினான். முகப்பில் வெள்ளை எழுத்தில் என் பெயர் இருந்தது.

"ஏட்டி ஏசு, உம் பேருதான் வச்சிருக்கேன் பாத்தியா. கொழும்பு வரைக்கும் உம் பேரு போகும்."

"நான் போகலையே" என்றேன்.

"பேரு போனாப் போதாதா? பொம்பளைக்கு இதுக்கு மேல என்ன வேணுங்கெ?"

அவனோடு இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் பங்கைக் கேட்கும்போதெல்லாம் அவனிடமிருந்து வந்த பதில் அந்தப் பெயர்தான். உன் பேரில் ஒரு கப்பலே ஓடுகிறதே என்பான். ஆலயத்துக்கு வருகிறவர்கள்கூட, உங்களுக்கென்ன, கப்பல்காரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் சொத்தைக் கேட்டேன். அவன் வர்ணம் பூசிக் கொடுத்தான்.

ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்குப் போட்டேன். என் வக்கீல் சுயம்புலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேர் வீதியில் பெரிய பலகை மாட்டியிருப்பார். நான் சொல்வதைக் கடைசிவரை கேட்காமல், "அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேம்மா" என்பார். பிறகு நான் சொன்னதையே கோர்ட்டில் தம்முடைய யோசனையாகச் சொல்லுவார். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. ஆலையை ஜப்தி செய்யலாம் என்றார் அவர். தோணியைச் செய்யுங்கள் என்றேன் நான்.

"தோணியா? அதுல என்னம்மா இருக்கு, பழைய மரம்."

"பருத்திக்கொட்டை இருக்கிறது" என்றேன். "கொழும்புக்கு ஏற்றியிருக்கிறான்."

அந்தக் கொட்டை எங்கள் ஆலையிலிருந்து போனது. புதுக் கொட்டை, சரியாகக் காயவில்லை. இன்னும் வெயில் வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். "நீ சொல்லித்தான் வெயிலு அடிக்குதாக்கும்" என்று கேட்டுவிட்டு மூட்டைகளை ரயிலில் ஏற்றினான்.

ஜப்தி அன்று நானும் போனேன். தூத்துக்குடிக் கோர்ட் அமீனா பால்ச்சாமி நல்ல உயரமான ஆள். மீசைக்கே ஒரு சேவகன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தோணிமேல் ஏறியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கப்பல் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?

"நங்கூரம் போட்டுல்லா நிக்கி" என்றார். "அசையாச் சொத்துன்னா தண்டோரா போடணும். கடலுக்குள்ள எங்கன தண்டோரா போட? மீனுக்கா?"

சுயம்புலிங்கம் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். கரையிலிருந்து வந்த படகிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். "அசையுதுவேய்" என்றார். "எங் கொடல்ட்ட கேளும், சொல்லும்."

இப்படிப்பட்டவர்களைக் கொண்டுதான் நீதி நடக்கிறது. நான் குறை சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

கடைசியில் காகிதத்தைப் பாய்மரத்தில் ஒட்டினார்கள். சரக்கு இருக்கும் அடிக்கிடங்கின் வாயைப் பலகையால் மூடி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, முடிச்சுகளில் அரக்குச் சீல் வைத்தார்கள். தோணியின் தண்டல் இருதயம் என்பவன் அதுவரை ஓரமாக நின்றுகொண்டிருந்தான். தண்டல் என்றால் மாலுமிகளுக்குத் தலைவன். கறுத்து இறுகிய மனிதன், கழுத்தில் மாதா சுரூபம். அவன் என்னிடம் வந்து, "அம்மா, மரத்தோணி பாத்துக்கிடுங்க. அடியில தண்ணி ஊறும். தெனம் எறச்சாத்தான் தாங்கும். வாய மூடிட்டா எப்படி எறைக்க?" என்று கேட்டான்.

"அத கோர்ட்ல கேளும்" என்றார் அமீனா.

 அடியில் தண்ணீர் ஊறும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். யார் எதைச் சொன்னாலும் கவனமாகக் கேட்பது என் பழக்கம்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தோணி அங்கேயே கிடந்தது. காவலுக்கு இருதயத்தையே வைத்திருந்தார்கள். சீலை உடைத்துத் தண்ணீர் இறைக்க அனுமதி கேட்டு அண்ணன் மனுப் போட்டான். எதிர்ப்புச் சொல்லுங்கள் என்று சுயம்புலிங்கத்திடம் சொன்னேன். தண்ணீர் இறைக்கிற சாக்கில் சரக்கை இறக்கிவிடுவார்கள் என்று காரணமும் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மனு தள்ளிப்போயிற்று. அடுத்த வாய்தாவிலும் அப்படியே.

அண்ணன் என்னைத் தேடி ஆலைக்கு வந்தான். மழையில் பூட்ஸ் ஊறிப்போயிருந்தது.

"சீலை ஒடைக்கச் சொல்லுட்டி. அடியில தண்ணி ஏறிக் கெடக்கு. தோணி நாறிப் போகும்."

"வக்கீலிடம் கேட்டுக்கொள்" என்றேன்.

"வக்கீல் ஒன்ட்டக் கேக்கச் சொல்லுதான்."

"அப்படியென்றால் அவருக்கு என்மேல் மரியாதை இருக்கிறது."

அவன் கொஞ்ச நேரம் கொட்டைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அந்தத் தோணில உம் பேருல்லா எழுதிருக்கு. அது முழுகினா ஒனக்கே சங்கடமா இருக்காதா?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான் என்று நினைக்கிறேன். அதுதான் அவனிடம் எனக்குப் பொறுக்காதது. தான் கொடுத்தது ஒரு பெரிய பரிசு என்று அவன் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தான். திருடனாக இருந்திருந்தால் ஓரளவு மதித்திருப்பேன்.

அவன் போனதும் குருவம்மாள், "ஏம்மா, பாவமால்ல இருக்கு. கூடப் பொறந்தவிய" என்றாள். கூடப் பிறந்தவன் என்பதால்தான் இவ்வளவு காலம் பொறுத்தேன் என்று சொன்னேன். 

தோணியைக் கெடுக்க நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். ஆட்சேபம் இல்லை. அந்தப் பெயர் தண்ணீருக்குள் போவதைப் பார்க்க விரும்பினேன். மனிதரைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் தெளிவாக நினைக்கவில்லை. பாலில் உறை விட்டுவிட்டு மூடிவைக்கிறோம். பிறகு அதைப் பற்றி யாரும் யோசித்துக்கொண்டிருப்பதில்லை.

மழை விட்ட பிறகு ஏலத்துக்கு உத்தரவாயிற்று. அதற்கு முன்னால் சீலை உடைத்து, இரு தரப்பாரையும் வைத்துக்கொண்டு சரக்கைப் பார்க்க வேண்டும். நான் இந்த அரிக்கேனை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். விருதுநகரில் வண்டி மாறும்போது ஓர் அம்மாள், விளக்கை எங்கே கொண்டுபோகிறீர்கள், தூத்துக்குடியில் கிடைக்காதா என்று கேட்டாள். இது பழகிய விளக்கு என்று சொன்னேன். எதற்காக எடுத்துப்போனேன் என்று அப்போது என்னையே கேட்டிருந்தால், ஆட்களின் பத்திரத்துக்காக என்றுதான் சொல்லியிருப்பேன். அது பொய்யும் இல்லை.

தார்ப்பாயைப் பிரித்துப் பலகையைத் தூக்கியதும் புளித்த வாடையும் வெக்கையும் மேலே வந்தன. அமீனா மீசையோடு சேர்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"உம்ம சரக்கு, நீரே எறங்கிப் பாத்துச் சொல்லும்" என்றார் அண்ணனிடம்.

"மொதலாளி, நான் எறங்குதேன்" என்றான் இருதயம்.

அண்ணன் அவனைத் தடுத்தான். "செத்த நேரம் பொறுடே. கொட்டைன்னா மொதல்ல வெளக்குதான் எறங்கணும். எங்க அய்யா காலத்துப் பழக்கம். ஏந் தங்கச்சி எறக்குவா."

வழக்கை மறந்துவிட்டவன் போலச் சொன்னான். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். விளக்கை ஏற்றி, வாயோரத்தில் குப்புறப் படுத்து இறக்கினேன். பிறகு அண்ணன் ஏணியில் இறங்கினான். இறங்கியவன் பாதியிலேயே கையை விட்டுவிட்டான். மூட்டைகள்மேல் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை.

இருதயம் உடனே உள்ளே குதித்தான். அவனை நான் அனுப்பவில்லை. வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்லியிருந்தால், ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். அண்ணனுக்குச் சொல்லாததை இவனுக்கு மட்டும் எப்படிச் சொல்வது? மேலும், அவன் விளக்கைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இறங்கினான். அவன் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன். அவன் மனைவி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கடற்கரைக்காரர்களுக்குப் பிடிவாதம் அதிகம்.

இரண்டு பேரையும் கொக்கி போட்டுத்தான் தூக்கினார்கள். சுயம்புலிங்கம் விசாரிக்கக் கரைக்கு வந்த அதிகாரியிடம், "எங் கட்சிக்காரம்மா பாவம். அவியளுக்கு என்ன தெரியும், பொம்பள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரியும் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டினார். ஒரு நாற்காலி கொடுத்து, சோடா வாங்கி வரச் சொன்னார். அந்தச் சோடாவைக் குடித்துக்கொண்டு நான் பார்த்தவர்களில், கொட்டையைப் பற்றி ஏதாவது தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை. தெரிந்த ஒருத்தியை உட்காரவைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் அந்த அறிக்கையின் பிரதி பருத்தி ஆலைகளுக்கெல்லாம் வந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். நேற்றுக் காலை எங்கள் கிடங்கின் வாயில் குருவம்மாள் ஏணியைப் போட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு எங்கே என்று கேட்டேன்.

"இனி வெளக்கு வேண்டாமாம்லம்மா? வெளக்கு எரிஞ்சும் ஆளு செத்துப்போச்சாம். அதுல ஒண்ணும் இல்லன்னு சர்க்காரே எழுதிருச்சாம்."

மழைத் தண்ணீர் எங்கள் கிடங்குக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். என்னைவிட மூத்தவள், என்னை ஏதோ போல் பார்த்தாள். நான் உயிரின் அருமை தெரியாதவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவள் தகப்பன் சாவிலிருந்து பிறந்த வழக்கம் அது. எங்கள் அய்யா இந்த உலகத்தில் வைத்துவிட்டுப் போன ஒரே நல்ல காரியம். ஒன்றும் தெரியாத ஓர் அதிகாரி ஒரு வரி எழுதி அதை அழிப்பதற்கு நான் விடமுடியாது.

அறிக்கையில் இருக்கும் வாக்கியம் இது: "கிடங்கினுள் இறக்கப்பட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதிலும் இவ்விபத்து நேர்ந்ததால், மேற்படி சோதனை நம்பத்தக்கதல்ல."

விளக்கு எரியவில்லை, ஐயா. தோணியின் மேல்பலகையைத் தாண்டி ஒரு முழம்கூட இறங்கவில்லை. சுடர் சுருங்கியது, நுனி நீலமாயிற்று, அணைந்தது. பழகிய விளக்கு, கடமை தவறாமல் அணைந்தது. குப்புறப் படுத்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. தூக்கும்போது காற்றில் அணைந்ததாகப் பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அண்ணன் ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கைக்குட்டையை மூக்கில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"எரியுதாட்டி?" என்று கேட்டான்.

எரியுது என்றேன்.

உடனே இறங்கினான்.

விளக்கைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். என் பேச்சை அவன் ஒருநாளும் மதித்ததில்லை என்று சொன்னேனே, அதை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.